பாலிகஞ்ச் வீட்டு ரேடியோ: வங்கதேசம் பிறந்த கதை



உங்களிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருக்கிறதா? எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் 15 வரிகள் இருக்கும். அவை 15 மொழிகள். எல்லா வரியும் பத்து ரூபாய் என்றுதான் சொல்கின்றன. மேலிருந்து எண்ணுங்கள். 13-வது வரி தமிழ். ‘பத்து ரூபாய்’ என்று இருக்கிறது. படித்துவிட்டீர்களா? நல்லது. இரண்டாவது வரியையும் பாருங்கள். அதுதான் வங்காள மொழி.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். அந்த நோட்டில் தமிழே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தபால் தலையில் தமிழ் இல்லை. மணியார்டர் பாரத்தில் தமிழ் இல்லை. அரசு வேலைக்குத் தமிழில் பரீட்சை எழுத முடியாது. அப்படியானால் நாம் கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் பக்கத்து நாட்டு மக்களுக்கு இந்த நிலை வந்தது. அவர்கள் பேசியது வங்காளம். அந்தக் குறையில் தொடங்கிய சண்டை 24 ஆண்டுகள் வளர்ந்தது. கடைசியில் வங்கதேசம் என்ற புதிய நாடு பிறந்தது. அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

சாதாரண வீடு, ரகசிய ரேடியோ

கொல்கத்தா நகரின் தெற்கே பாலிகஞ்ச் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு அருகில் லேக் மார்க்கெட். அங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் 57/8 என்ற எண் உள்ள வீடு ஒன்று. 1971-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி முதல் அந்த வீட்டிலிருந்து ஒரு ரேடியோ நிலையம் நடந்தது. அதன் பெயர் ‘சுவாதீன் பாங்லா பேதார் கேந்திரா’. சுதந்திர வங்காள வானொலி நிலையம் என்று அதற்குப் பொருள்.

அதை நடத்தியவர்கள் கொல்கத்தாக்காரர்கள் அல்ல. எல்லைக்கு அப்பால், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்தவர்கள். தங்கள் ஊர் மக்களுக்குச் செய்தி சொல்ல, பக்கத்து நாட்டில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் பேசினார்கள்.

சொந்த ஊரில் பேச முடியாதபடி என்ன நடந்தது? அதற்கு நாம் 1947-க்குப் போக வேண்டும்.

கோடு போட்டுப் பிரித்த நாடு

இந்தியாவை ஆண்ட வெள்ளையர்கள் 1905-இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1911-இல் வங்காளம் மறுபடி ஒன்றானது. ஆனால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே சந்தேகம் வளர்ந்தது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் பெரிய மதக் கலவரம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

1947-இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது. நாடும் பிரிந்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகள் பாகிஸ்தான் ஆகும் என்று முடிவு செய்தார்கள். எல்லைக் கோட்டைப் போடும் வேலை சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வக்கீலிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதற்குமுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஐந்து வாரம்தான். கோடு எங்கே போகிறது என்பது ஆகஸ்ட் 17-ஆம் தேதி வெளியானது. சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான், தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே எல்லையோர மக்களுக்குத் தெரிந்தது.

வங்காளத்தின் கிழக்குப் பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. மேற்குப் பகுதி, கல்கத்தாவும் சேர்ந்து, இந்தியாவில் இருந்தது.

உங்கள் மையத்தில் வரைபடம் இருந்தால் விரித்துப் பாருங்கள். இந்தியாவுக்கு மேற்கே ஒரு பாகிஸ்தான். கிழக்கே ஒரு பாகிஸ்தான். நடுவே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் இந்திய மண். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் மொழி வேறு. உணவு வேறு. உடை வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே நாடு என்றார்கள்.

எங்கள் மொழி எங்கே?

பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கில் இருந்தார்கள். அவர்கள் பேசியது வங்காளம். உருதுவைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் நாட்டில் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் உருதுதான் ஆட்சி மொழி என்று தலைவர்கள் முடிவு செய்தார்கள். புதிய தபால் தலைகளிலும் அரசுப் பாரங்களிலும் உருதுவும் ஆங்கிலமும் இருந்தன. வங்காளம் இல்லை.

1948 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் எழுந்து நின்றார். அவர் பெயர் தீரேந்திரநாத் தத்தா. வங்காள மொழிக்கும் சபையில் இடம் வேண்டும் என்று கேட்டார். சபை மறுத்துவிட்டது.

அடுத்த மாதம் பாகிஸ்தானின் தலைவர் முகமது அலி ஜின்னா டாக்காவுக்கு வந்தார். டாக்கா கிழக்குப் பகுதியின் தலைநகரம். மார்ச் 21-ஆம் தேதி அங்குள்ள குதிரைப் பந்தய மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. பாகிஸ்தானின் ஆட்சி மொழி உருது மட்டுமே என்று ஜின்னா அங்கே அறிவித்தார். இந்த மைதானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு முறை இங்கே திரும்பி வருவோம்.

மாணவர்கள் போராடினார்கள். 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் தடையை மீறிக் கூடினார்கள். போலீஸ் சுட்டது. ரஃபிக், பர்கத், ஜப்பார் முதலிய இளைஞர்கள் உயிர் இழந்தார்கள். தாய்மொழிக்காக உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். 1956-இல்தான் பாகிஸ்தானின் அரசியல் சட்டம் வங்காளத்தையும் ஆட்சி மொழியாக ஏற்றது.

இன்று உலகம் முழுவதும் பிப்ரவரி 21 தாய்மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1999-இல் யுனெஸ்கோ என்ற உலக அமைப்பு இதை அறிவித்தது.

சணல் இங்கே, பணம் எங்கே?

மொழிக்கு இடம் கிடைத்த பிறகும் சண்டை தீரவில்லை. வயிற்றுப் பிரச்சினை ஒன்றும் இருந்தது.

கிழக்கு வங்காளம் சணல் விளையும் பூமி. பிரிவினையின்போது சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்கே போனது. சணல் ஆலைகள் எல்லாம் கல்கத்தாவைச் சுற்றி இந்தியாவில் நின்றுவிட்டன. பிறகு கிழக்கிலும் ஆலைகள் கட்டினார்கள். சணலை வெளிநாடுகளுக்கு விற்று பாகிஸ்தான் நிறையப் பணம் சம்பாதித்தது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மேற்கிலேயே செலவானது.

தலைநகரம் மேற்கில். ராணுவ அதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் மேற்கைச் சேர்ந்தவர்கள். பெரிய அரசுப் பதவிகளிலும் அப்படியே. 1965-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. அப்போது கிழக்கைக் காக்கப் போதிய படை இல்லை. உழைப்பும் வரியும் எங்களுடையது, காவலும் ஆலையும் அவர்களுக்கா என்று கிழக்கு மக்கள் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான். அவாமி லீக் கட்சியின் தலைவர். 1966-இல் அவர் ஆறு கோரிக்கைகளை வைத்தார். பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் மத்திய அரசிடம் இருக்கட்டும். வரி வாங்கும் உரிமையும் எங்கள் சம்பாத்தியமும் எங்களிடம் இருக்க வேண்டும். இதுதான் அவற்றின் சாரம். அரசு அவரைச் சிறையில் போட்டது. 1969-இல் மக்கள் கிளர்ச்சி செய்து அவரை விடுவித்தார்கள்.

ஓட்டுக்கு வந்த சோதனை

1970 நவம்பர் 12 இரவு. கிழக்குப் பாகிஸ்தானின் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் வந்தது. மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அரசின் உதவி தாமதமாக வந்தது. மக்களின் கோபம் மூண்டது.

அடுத்த மாதமே பொதுத் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற முறையில் பாகிஸ்தான் முழுவதற்கும் நடந்த முதல் தேர்தல் அது. கிழக்கில் இருந்த 162 இடங்களில் அவாமி லீக் 160 இடங்களில் வென்றது. நாடு முழுவதற்கும் இருந்த இடங்கள் 300. ஆகவே முஜிபுர் ரஹ்மான்தான் பிரதமர் ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. அப்போது நாட்டை ஆண்டவர் தளபதி யாஹியா கான். மேற்கில் அதிக இடம் பெற்றவர் சுல்பிகர் அலி பூட்டோ. முஜிப் ஆட்சிக்கு வருவதை அவர்கள் விரும்பவில்லை. மார்ச் 3-ஆம் தேதி சபை கூடவேண்டும். மார்ச் 1 அன்று அதை ஒத்திவைத்தார்கள்.

மார்ச் 7. டாக்காவில் அதே குதிரைப் பந்தய மைதானம். லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். இது விடுதலைக்கான போராட்டம் என்று முஜிபுர் ரஹ்மான் அங்கே முழங்கினார்.

மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவில் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளையும் போலீஸ் குடியிருப்பையும் தாக்கியது. முஜிபைக் கைது செய்தது. அன்று வங்காளத்துக்கு இடம் கேட்டாரே தீரேந்திரநாத் தத்தா, அவரையும் சில நாட்களில் பிடித்துச் சென்று கொன்றது. அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல்.

எல்லை தாண்டி வந்த ஒரு கோடிப் பேர்

மக்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். இந்துக்கள் குறிவைத்துத் தாக்கப்பட்டார்கள். முஸ்லிம்களும் தப்பவில்லை. பெண்கள் பட்ட கொடுமை சொல்லி முடியாது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம், மேகாலயா எங்கும் முகாம்கள். கல்கத்தாவில் சால்ட் லேக் பகுதியில் பெரிய சிமெண்ட் குழாய்கள் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன.

முகாம்களில் காலரா பரவியது. எல்லை அருகே பன்கான் என்ற ஊரில் டாக்டர் திலீப் மகலநபிஸ் வேலை செய்தார். நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை அவர் வாய் வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஏராளமானோர் பிழைத்தார்கள். இன்று நம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிறோமே, அதே கரைசல்தான்.

பாலிகஞ்ச்சிலிருந்து வந்த குரல்

இப்போது பாலிகஞ்ச் வீட்டுக்கு மறுபடி வருவோம்.

ராணுவம் இறங்கிய மறுநாள், மார்ச் 26, சிட்டகாங் நகரின் ரேடியோ நிலைய ஊழியர்கள் சிலர் துணிந்து சுதந்திர ரேடியோவைத் தொடங்கினார்கள். மார்ச் 30-இல் பாகிஸ்தான் விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. அவர்கள் எல்லை தாண்டித் திரிபுராவுக்கு வந்தார்கள். பிறகு கல்கத்தா வந்தார்கள்.

இதற்கிடையில் ஏப்ரல் 17-ஆம் தேதி வங்கதேசத்தின் தற்காலிக அரசு எல்லையோரத்தில் ஒரு மாந்தோப்பில் பதவி ஏற்றது. தாஜுதீன் அகமது பிரதமர். அந்த அரசு கல்கத்தாவில் தியேட்டர் சாலையில் இருந்து வேலை செய்தது. பாலிகஞ்ச் வீட்டில் ரேடியோ நடந்தது. சக்தி மிகுந்த ஒலிபரப்புக் கருவியை இந்தியா கொடுத்தது.

அந்த ரேடியோவில் செய்தியும் பாட்டும் பேச்சும் இருந்தன. மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட நிகழ்ச்சி ‘சரம்பத்ரா’. அதை எழுதிப் படித்தவர் எம்.ஆர். அக்தர் முகுல். அவர் புத்தகத் தமிழ் போன்ற புத்தக வங்காளத்தில் பேசவில்லை. டாக்கா தெருவில் ஜனங்கள் பேசும் கொச்சையில், கிண்டலாகப் பேசினார். படிக்கத் தெரியாத உழவருக்கும் படகோட்டிக்கும் அது புரிந்தது.

கிழக்குப் பாகிஸ்தானில் இந்த ரேடியோவைக் கேட்பது ஆபத்து. கதவை அடைத்து, சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்டி வைத்துக் கேட்டார்கள். எந்த மொழியை நாணயத்திலும் பாரத்திலும் சேர்க்க மறுத்தார்களோ, அந்த மொழி அவர்களுக்குத் தைரியம் சொன்னது.

பெரிய நாடுகளின் கணக்கு

இது வங்காளிகளின் சண்டையாக மட்டும் நிற்கவில்லை. பெரிய நாடுகள் உள்ளே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

அமெரிக்கா அப்போது சீனாவோடு புதிதாக நட்புக் கொள்ள முயன்றது. அதற்குப் பாகிஸ்தான் தூது போனது. ஆகவே அதிபர் நிக்சன் பாகிஸ்தானைக் கைவிடவில்லை. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரே படுகொலை நடக்கிறது என்று எழுதினார். அதையும் கேட்கவில்லை. சீனாவும் பாகிஸ்தான் பக்கம் நின்றது.

இந்தியா 1971 ஆகஸ்ட் 9-இல் சோவியத் நாட்டோடு நட்பு ஒப்பந்தம் செய்தது. பிரதமர் இந்திரா காந்தி பல நாடுகளுக்குப் போய் அகதிகளின் நிலையைச் சொன்னார். இந்தியாவுக்கு அகதிகளின் சுமை பெரியது. பாகிஸ்தானோடு பழைய பகையும் உண்டு. ஆகவே முக்தி வாகினி என்ற வங்காள விடுதலைப் படைக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது.

டிசம்பர் 3-இல் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமான தளங்களைத் தாக்கின. போர் மூண்டது. டிசம்பர் 6-இல் இந்தியா வங்கதேசத்தை ஒரு நாடாக ஏற்றது. அமெரிக்கா தன் போர்க் கப்பல்களை வங்கக் கடலுக்கு அனுப்பியது. ஆனால் டாக்கா வீழ்வதை அது தடுக்கவில்லை.

டிசம்பர் 16. மறுபடி அதே குதிரைப் பந்தய மைதானம். பாகிஸ்தான் தளபதி நியாஜி, இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய 93,000 பேர் கைதிகளானார்கள். ‘உருது மட்டுமே’ என்று ஜின்னா சொன்ன அதே இடத்தில், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி தனி நாடானது.

இதற்கு எத்தனை உயிர் போனது? வங்கதேச அரசு 30 லட்சம் என்கிறது. வேறு சிலர் அதைவிடக் குறைவாகக் கணக்கிடுகிறார்கள். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் அது பேரிழப்புத்தான்.

பாடம் யாருக்கு?

நம் நாட்டிலும் மொழிச் சண்டை வந்தது. தெலுங்கு மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952-இல் இறந்தார். 1953-இல் ஆந்திரா உருவானது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. 1965-இல் தமிழ்நாட்டில் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. பலர் இறந்தார்கள். 1967-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆங்கிலமும் தொடரும் என்று உறுதி கிடைத்தது. இங்கும் உயிர்கள் போயின. ஆனால் பேசித் தீர்க்க வழி இருந்தது. ஓட்டுக்கு மதிப்பும் இருந்தது. நாடு உடையவில்லை.

இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் போட்டார்கள். அங்கே தமிழர்கள் பட்ட துன்பம் நமக்குத் தெரியும்.

வங்கதேசத்துக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது. சிட்டகாங் மலைகளில் சக்மா முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி வேறு. எங்களுக்கும் தனி இடம் வேண்டும் என்று அவர்கள் புதிய அரசிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அங்கேயும் சண்டை மூண்டது. 1997-இல்தான் சமாதான ஒப்பந்தம் ஆனது. உருது பேசும் பீகாரி முஸ்லிம்கள் 1971-இல் பலர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் பல்லாண்டு முகாம்களில் குடியுரிமை இல்லாமல் கிடந்தார்கள். 2008-இல் நீதிமன்றம்தான் அவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றது. தனக்கு நடந்த அநியாயத்தை மறந்தால், அதே அநியாயத்தை நாம் மற்றவருக்குச் செய்துவிடுவோம்.

எல்லைக் கோட்டின் சிக்கலும் நெடுநாள் தீரவில்லை. இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டு நிலங்கள் இருந்தன. வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டு நிலங்கள் இருந்தன. மொத்தம் 162. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பள்ளி, ஆஸ்பத்திரி, ஓட்டு எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. 2015-இல் இரு நாடுகளும் பேசி அவற்றை மாற்றிக்கொண்டன. 68 ஆண்டு காலச் சிக்கல் ஒரு துப்பாக்கிக் குண்டு இல்லாமல் தீர்ந்தது.

ரூபாய் நோட்டை மறுபடி பாருங்கள். 15 வரிகளில் நம் வரியும் இருக்கிறது. நம் வரிக்கு மேலும் கீழும் மற்றவர்களின் வரிகளும் இருக்கின்றன. எல்லா வரிக்கும் இடம் இருப்பதால்தான் அது எல்லோருடைய நோட்டு.

கலந்து பேசுவோம்

1. கிழக்குப் பாகிஸ்தான் மக்களுக்கு இருந்த குறைகள் யாவை? அவற்றில் பெரிய குறை எது என்று நினைக்கிறீர்கள்?

2. ராட்கிளிஃப் எல்லைக் கோடு போட்டபோது அங்கே வாழ்ந்த மக்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

3. தேர்தலில் வென்றவர்களுக்கு ஆட்சி கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கதையை வைத்துச் சொல்லுங்கள்.

4. உங்கள் ஊரில் வேறு மொழி பேசும் குடும்பங்கள் உண்டா? ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்கு என்ன சிரமம் வருகிறது? விசாரித்து வாருங்கள்.

5. உங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுங்கள். வேறு மொழி பேசும் ஒருவரிடம் அதே பெயரை அவர் மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மையத்தின் சுவரில் ஒட்டுங்கள்.